மூன்றாம் மாடியில் ஒரு நிலம்

வயிற்றில் இருப்பது பெண் என்று நானாகவே முடிவு செய்துகொண்ட நாளிலிருந்து அவளை ஒரே பெயரால்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நிலம். பருப்பைக் களைந்து ஊறப்போடும்போது, மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது, பக்கத்தில் யாரும் இல்லை என்றால் சத்தமாகவே கூப்பிடுவேன். சொல்லிப் பாருங்கள், முடிக்கும்போது உதடு இரண்டும் வந்து சேர்ந்துகொள்ளும். சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் வாயிலேயே தங்கும். எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு பெயர் பிடித்துப்போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் எல்லாரும் காரணம் கேட்டார்கள்.

நான் ஆனையூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். காலையில் வருகை எடுக்கும்போது பாதிப் பெயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். எல்லாம் பஞ்சுமிட்டாய் நிறத்தில் இருக்கும் பெயர்கள், கடைசியில் ஒரு 'ஸ்ரீ' அல்லது ஒரு 'ஷா'. அர்த்தம் என்ன என்று பெற்றோரிடம் கேட்டால் உடனே செல்போனை எடுத்துத் தேடுவார்கள். நான் அந்தப் பெயர்களைக் குறை சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். பொய் எதற்கு, குறைதான் சொல்கிறேன். நான் என் மகளுக்கு வைக்கும் பெயரின் அர்த்தத்தை எந்தச் செல்போனிலும் தேட வேண்டியதில்லை. குனிந்தால் தெரியும்.

முதலில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பைக் ஷோரூமில் வேலை பார்க்கிறார். யாரோடும் சண்டை போடாத மனிதர், அதனால் அவர் போட வேண்டிய சண்டையெல்லாம் என் கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கும். பெயரைக் கேட்டதும் சிரித்தார். பட்டா யார் பேருல இருக்கு, பத்திரம் பதிஞ்சாச்சா என்றார். பெயரைச் சொன்னால் புரோக்கர்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள் என்றார். நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்த பிறகு, விளையாட்டு இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அன்றிலிருந்து அவர் ஒரு சமாதானத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் பின்னாலேயே சுற்ற ஆரம்பித்தார். அது 'நிலா'.

நிலா என்று வைத்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், அழகாகவும் இருக்கிறது, உனக்குப் பிடித்த பெயரிலும் பாதி வந்துவிடுகிறது என்று அவர் சொன்னார். உண்மைதான், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். நிலா எல்லார் வீட்டுக்கு மேலேயும் வருகிறது, யாருக்கும் சொந்தமில்லை. அதனால்தான் அதைத் தாராளமாகத் தூக்கிக் கொடுக்கிறார்கள். எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் குனிந்து கிடந்தது நிலாவிலா? நாற்று நட்டது, களை பறித்தது, கதிர் அறுத்தது எல்லாம் நிலத்தில். அது எங்கள் பேரில் ஒருநாளும் இருந்ததில்லை. இப்போது நாங்கள் இருக்கும் வீடுகூட மூன்றாம் மாடியில்தான் இருக்கிறது, எங்கள் தரை கீழ்வீட்டுக்காரருடைய கூரை. பேரில் நிலம் இல்லாத குடும்பத்தில் பேரே நிலமாக ஒருத்தி இருக்கட்டும் என்றேன். அவர் பைக்கைத் துடைக்கப் போய்விட்டார்.

அடுத்தது மாமியார். அவர் எங்களோடுதான் இருக்கிறார். கணவர் போன பிறகு இட்லிக் கடை போட்டு இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவர், லேசுப்பட்ட ஆள் இல்லை. அவர் கேட்டதும் அநியாயமானது இல்லை. மகன் வயிற்று மூத்த பேத்திக்கு அப்பனைப் பெற்றவள் பெயரைத்தான் வைக்க வேண்டும், அதுதான் முறை. அதாவது அவருடைய பெயரை. அவரை இப்போது பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. சிலருக்கு அம்மா, சிலருக்கு அத்தை, தெருவில் இட்லிக் கடைக்காரம்மா. தன் பெயர் இந்த வீட்டுக்குள் மறுபடி கேட்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். எனக்கு அது புரிந்தது. புரிந்தது என்பதற்காக விட்டுக்கொடுக்க முடியுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது ஆள் என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா. வண்டியூரில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். நாற்பதை நெருங்குகிறார். அவருக்குத்தான் நான் அதிகம் பயந்துகொண்டிருந்தேன், ஏனென்றால் எங்களில் குழந்தைக்குப் பெயர் விடுவது அத்தைதான். தொட்டிலில் போடும் அன்று அத்தைக்காரி குனிந்து குழந்தையின் காதில் மூன்று தடவை எதைச் சொல்கிறாளோ அதுதான் பெயர். அம்மாக்காரி பத்து மாதம் சுமந்திருக்கலாம், அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் நின்று வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

மாமியார் மறுபடி பேச்சை எடுத்தார். எனக்கு அன்று எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, ஒரு கேள்வி கேட்டேன். "ஒங்க பேர வச்சா நான் எப்படி அத்தை கூப்புடுறது? மாமியா பேர மருமக சொல்லக் கூடாதுல்ல."

"பாப்பான்னு கூப்புடு," என்றார் அவர் தலை நிமிராமல். "நான் கூப்புடல? இவளுக்கு வச்சது எங்க மாமியா பேரு. இன்னிக்கி வரைக்கும் வாயத் தொறந்து நான் அந்தப் பேரச் சொன்னதில்ல."

அதை அவர் பெருமையாகத்தான் சொன்னார். மாமியாருக்கு அத்தனை மரியாதை கொடுத்த மருமகள் தான் என்ற பெருமை. உண்மையில் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மகளை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் வரை வந்தாயிற்று, இன்னும் பாப்பாதான். செல்லம் என்று நினைத்திருந்தேன். செல்லம் இல்லை, சட்டம். நான் நாத்தனாரைப் பார்த்தேன். மொச்சையை உரித்துக்கொண்டிருந்த கை நின்றிருந்தது. பிறகு அடுத்த காயை எடுத்தார்.

பாத்திரம் கழுவும்போதுதான் எனக்கு ஆத்திரம் முழுதாக வந்தது. ஏனென்றால் இந்த முறையை எனக்கு முன்பே தெரியும். என் அப்பாவின் பெயரைத் தின்றது இதுதான்.

அப்பா பரவைக்கு அந்தப் பக்கம் ஆற்றுப் பாசன வயல்களுக்கு நடுவே இருக்கும் ஊர்க்காரர். சின்ன வயதிலேயே அந்த ஊர்ப் பெரிய வீட்டு வயலில் வேலைக்குப் போனார். அவருக்கு வைத்தது ஒரு சாமியின் பெயர். அந்தப் பெரிய வீட்டுப் பெரியவருக்கும் அதே பெயர். அந்த வீட்டுக்கு வாழ வந்த மருமகள்கள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது. மாமனார் பெயரில் ஒரு கூலிக்காரப் பையன் இருந்தால் அவனை எப்படிக் கூப்பிட்டு வேலை சொல்வது? ரொம்ப எளிதாகத் தீர்த்துக்கொண்டார்கள். அவன் பெயரை மாற்றிவிட்டார்கள். அப்பா அப்போது குள்ளமாக இருந்திருக்கிறார், அதையே இழுத்து ஒரு பெயராக்கினார்கள். முதலில் அந்த வீட்டு வாசலில் மட்டும் இருந்தது, பிறகு வயலுக்கு வந்தது, பிறகு ஊர் முழுக்க. அப்பா நெடுநெடுவென்று வளர்ந்தார், வயல் வேலையை விட்டு பரவைக் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார், என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தார். அந்தப் பெயர் மட்டும் அவரைவிட்டுப் போகவில்லை. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதை இன்னொரு தடவை சொன்னதாகிவிடும்.

அங்கே ஒருவருக்குக் கொடுத்த மரியாதையில் என் அப்பா தன் பெயரை இழந்தார். இங்கே ஒருவருக்குக் கொடுத்த மரியாதையில் ஒரு மகள் தன் தாயின் வாயால் தன் பெயரைக் கேட்காமலே நடுவயதுக்கு வந்துவிட்டாள். இப்போது என் முறை, நான் என் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் வளர்க்க வேண்டுமாம். முடியாது. நான் வாய் நிறையக் கூப்பிடத்தான் பெயர் வைக்கிறேன்.

இத்தனை வீறாப்பும் அப்பாவிடம் போனபோது கொஞ்சம் ஆட்டம் கண்டது. அம்மா நான் படித்துக்கொண்டிருந்தபோதே இறந்துவிட்டாள். அப்பா ஊரில் தனியாக இரண்டு ஆடுகளோடு இருக்கிறார். எனக்கு வளைகாப்பு முடிந்த பிறகு அவரைப் பார்க்கப் போயிருந்தேன். அப்பா துள்ளிக் குதிப்பார் என்று நினைத்துத்தான் பெயரைச் சொன்னேன். அவர் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

"வேணாந்தாயி. இல்லாதத பேரா வைக்கக் கூடாது," என்றார்.

செல்வம் என்று பெயர் வைத்தவர்கள் வீட்டிலெல்லாம் பணம் கொட்டியா கிடக்கிறது, ராசா என்று பெயர் வைத்தவர்கள் எல்லாம் எந்த நாட்டை ஆள்கிறார்கள் என்று கேட்டேன். அவர் என்னோடு வாதாடவில்லை. குழையைக் கட்டி முடித்துவிட்டு, "பேரச் சொல்லி நாலு பேரு சிரிக்கிறது என்னோட போகட்டும்," என்றார்.

மற்றவர்கள் எதிர்த்தால் எனக்கு அது தீனி. அப்பா சொன்னது அப்படி இல்லை. திரும்பிவரும் பஸ்ஸில் அழுதேன். ஜன்னலுக்கு வெளியே அறுப்பு முடிந்த வயல், அதற்கடுத்து வர்ணக்கல் நட்ட பிளாட், மறுபடி வயல், மறுபடி பிளாட். நிலா என்றே வைத்துவிடலாமா என்று அன்று ஒரு தடவை நினைத்தேன். ஆனையூரில் இறங்குவதற்குள் அந்த எண்ணத்தை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன். சிரிப்பவர்களுக்குப் பயந்து ஒரு பெயரை மாற்றினால், அந்தப் பெரிய வீட்டுக்காரர்கள் செய்த வேலையை அவர்களுக்காக நானே செய்ததாகும்.

பெண்தான் பிறந்தாள். கறுப்பாக, முழுக் குரலோடு.

தொட்டிலில் போடும் நாள் நெருங்க நெருங்க வீட்டில் யாரும் பெயரைப் பற்றிப் பேசவில்லை. அதுவே எனக்குக் கலக்கமாக இருந்தது. வீட்டுக்காரரிடம் ஒன்று மட்டும் சொல்லிவைத்தேன். அக்கா குழந்தை காதில் மாமியாரின் பெயரைச் சொன்னால் சொல்லட்டும். நான் முறை தவறாத மருமகள். அந்தப் பெயரை வாழ்நாள் முழுக்க வாயால் சொல்ல மாட்டேன், பள்ளிக்கூடத்தில் போய்ச் சேர்க்கும்போதுகூட. பாப்பா என்று சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் அதைச் செய்யக்கூடியவள் என்று அவர் நம்பியது தெரிந்தது.

அன்று வீடு நிறைய ஆட்கள். கூடத்தில் மாமியாரின் பழைய பட்டுச்சேலையில் தொட்டில் கட்டியிருந்தது. அப்பா வந்திருந்தார், வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாத்தனார் குழந்தைக்குக் கொலுசு போட்டார், நாக்கில் சீனித் தண்ணீர் தொட்டு வைத்தார். பிறகு குனிந்தார். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. காதில் ஏதோ சொன்னார், மூன்று தடவை. தொட்டிலில் இருந்தவளைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை. நான் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன்.

நாத்தனார் நிமிர்ந்தார். மாமியார் சிரித்த முகத்தோடு, எல்லாரும் கேட்கட்டும் என்று, "என்ன பேரு சொன்ன, பாப்பா?" என்று கேட்டார்.

"எம் பேரச் சொல்லிக் கூப்புட்டுக் கேளும்மா. சொல்றேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பிளவுஸ் அளவெடுக்கும்போது கையைத் தூக்கச் சொல்வாரே, அந்தக் குரலில்தான் சொன்னார். மாமியார் வாயைத் திறந்தார். மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது, வார்த்தை வரவில்லை. அவர் பிடிவாதத்தால் சொல்லாமல் இருந்தார் என்று என்னால் சொல்ல முடியாது. வரவில்லை, அவ்வளவுதான். நாத்தனார் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நிலம்," என்றார். "ஒம் மக பேரு நிலம். நல்லா வாயாரக் கூப்புடு."

அத்தனை நாள் யாரும் இல்லாத மொட்டைமாடியில் கூப்பிட்ட பெயரை அத்தனை பேருக்கு நடுவில் கூப்பிட்டேன். மாமியார் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார். வந்தவர்களில் சிலர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள், ஒருவர் எத்தனை சென்ட் என்று கேட்டார். நாத்தனார் அவரைப் பார்த்த பிறகு அவர் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அப்பா மட்டும் கிளம்பும்போது குழந்தையின் தலையைத் தொட்டு "வாரேன் ஆத்தா" என்றார். பெயரைச் சொல்லவில்லை.

அதன் பிறகும் அவர் சொல்லவில்லை. போன் பண்ணினால் குட்டி என்ன பண்ணுது என்பார், நேரில் வந்தால் ஆத்தா என்பார். மாமியாருக்கும் அவள் பாப்பாதான். ஆனால் தன் மகளை அவர் இப்போது பாப்பா என்று கூப்பிட்டால் நாத்தனார் திரும்பிப் பார்ப்பதில்லை. மாமியார் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டுத்தான் பேசுகிறார். இன்னும் பெயர் வரவில்லை. நாத்தனாரும் விடுவதாக இல்லை. மாமியாரின் பெயர் வீட்டில் ஒலிக்க வேண்டும் என்றால் நானே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடலாமா என்று ஒரு தடவை யோசித்தேன். அந்த அளவுக்குத் தைரியம் எனக்கே இல்லை.

நிலம் நடக்கப் பழகிய பிறகு, ஊர்ச் சாமி கும்பிட அப்பா ஊருக்குப் போனோம். கோயிலில் இருந்து திரும்பும்போது அப்பா அவளைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார், நான் பின்னால் வந்தேன். பெரிய வீட்டு வயலுக்குப் பக்கத்தில் ஒரு கார் நின்றது. அந்த வயலையும் பிளாட் போடப் போகிறார்களாம், ஆட்கள் நூல் பிடித்துக் கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். கார் நிழலில் அந்த வீட்டு மூத்த மருமகள் நின்றிருந்தார். இப்போது அவருக்கும் தலை வெளுத்துவிட்டது. அப்பாவைப் பார்த்ததும் அந்தப் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அன்பாகத்தான் கூப்பிட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பா எப்போதும்போல நின்றார்.

"பேத்தியா? என்ன பேரு?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

நான் முந்திக்கொள்ள வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்க்காமலே கையைக் காட்டி நிறுத்தினார். இப்போது அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது. குட்டி என்பார், அல்லது ஏதாவது ஒரு சாமி பெயரைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

"நிலம்," என்றார் அப்பா.

அந்த அம்மாள் சிரித்தார். "நெலமா? எங்க வாங்குன?"

"வாங்கலம்மா. எம் மக பெத்தது." அப்பா சிரிக்கவில்லை. பிறகு தன் பெயரைச் சொன்னார். அந்தச் சாமி பெயரை, அப்பனும் ஆத்தாளும் வைத்த மாதிரி, முழுதாகச் சொன்னார். அந்த மண்ணில் நின்று அவர் அதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "அதேன் எம் பேரு. ஒங்க மாமனாரு பேரு, ஒங்களால சொல்ல முடியாது, எனக்குத் தெரியும். அதுக்கு இனி வேற பேரு வேணாம். நிலத்தோட தாத்தான்னு கூப்புடுங்க."

கல் நடுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த அம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். பெயரைக் கேட்ட என் மகள் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தாத்தாவை அண்ணாந்து பார்த்தாள். அப்பா அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரம் போன பிறகு, பின்னால் இருந்து அந்த அம்மாள் எங்களை நிறுத்தப் பார்த்தார். சாமி கும்பிட்ட பிரசாதம் கொடுக்காமல் போகிறோமே என்று கேட்கத்தான். ஆனால் கேட்பதற்கு முன் கூப்பிட வேண்டுமே. தயங்கி, ஒரு தடவை செருமி, அவர் சொன்னது எங்கள் மூன்று பேர் காதிலும் விழுந்தது.

"நிலத்தோட தாத்தா."

அப்பா திரும்பினார்.